வாய் படாத பேணி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் லொட்ஜ் நடத்துகிற தியாகராசாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். எச்சில். பொலிஸ், மாநகரசபை, வரிக்காரர், மைத்துனர்மார் எவருக்கும் பயந்த மனிதரல்ல அவர். ஆனால் ஒருவர் வாய் வைத்த கோப்பை மேசையில் இருந்தால் அந்த மேசைக்கே கிட்டப் போகமாட்டார்.

அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பித்தளை மூக்குப்பேணி இருக்கும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது கையோடு கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். வயிற்றிலிருந்து மூக்குப் போலக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிற பேணி. தலையை அண்ணாந்து, அந்த மூக்கைச் சரித்து, உதடு படாமல் தண்ணீரை வாய்க்குள் விட்டுக்கொள்ள வேண்டும். தியாகராசா அதை ஒரு கலையாகவே செய்வார். மற்றவர்கள் அதைத் தொடவும் கூடாது. மனைவி சுபோதினிக்கு மட்டும் பழப்புளி போட்டுத் தேய்த்து வைக்கிற உரிமை உண்டு.

"கலியாணம் கட்டின நாள் தொட்டுத் தேய்க்கிறன். எனக்கு அதில ஒரு மிடறு தண்ணி இல்லை" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவர் நல்லவரா என்று கேட்டால், நல்லவர்தான். விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிற சனத்துக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பிப்பார். தானே கொண்டுபோய், கதவைத் தட்டி, கோப்பையை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, "குடிச்சிட்டீரோ?" என்று கேட்பார். அன்புக்குக் குறைவில்லை. அது கொஞ்சம் எட்ட நின்று வருகிற அன்பு, அவ்வளவுதான்.

அந்த மனிதரிடம் கிட்டப் போய் உட்கார்ந்து பேசத் துணிந்த ஒரே ஆள் இராமர்.

இராமர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். தாய் தகப்பன் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கியவர்கள். அவனுக்கு பைப் வேலை. லொட்ஜ் பழைய கட்டடம். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள்ளால் போகிறதென்று கட்டியவனுக்கே தெரிந்திருக்காது. இராமர் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "இங்கதாங்க ஐயா" என்று பெரிய வைத்தியர் மாதிரித் தட்டிக் காட்டுவான். அங்கே உடைத்தால் ஒன்றும் இருக்காது. பிறகு இன்னோர் இடம், இன்னோர் இடம். கடைசியில் ஒழுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும். ஆனாலும் கூப்பிட்ட அன்றே வருகிற பைப்காரன் கொழும்பில் அவன் ஒருவன்தான் என்பதால் தியாகராசா வாயால் மட்டும் திட்டிவிட்டுச் சீமெந்து வாங்கிக் கொடுப்பார்.

அவன் தூள் எடுப்பவன் என்பதும் அவருக்குத் தெரியும். கடையிலே, சந்தியிலே குடு என்று சொல்கிறார்களே, அந்த ஹெரோயின். தியாகராசாவுக்கு அது எச்சிலுக்கு அடுத்த அருவருப்பு. "நல்ல மனுசன், நாசமாப் போறான்" என்பார். வேலைக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

லொட்ஜில் ஒரு சாவு விழுந்தபிறகுதான் இருவருக்கும் இடையில் கதை வளர்ந்தது. வவுனியாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு மனிதர், யாரோடும் சத்தமாகக் கதைக்காதவர், ஒரு காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவு உள்பக்கமாகத் திறப்பது. அவர் கதவோடு சாய்ந்து விழுந்துகிடந்தபடியால் எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்த இராமர் ஓடிவந்து, கதவுப் பலகையை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து அவர் அண்மையில்தான் வெளியே வந்தவர், மறுபடி தூள் எடுத்துத்தான் செத்தார் என்பது பிறகு தெரியவந்தது.

பிரேதத்தை ஏற்றி அனுப்பிய பின், இராமர் படிக்கட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"கொஞ்ச நாள் விட்டிருந்துட்டு, மறுபடி பழைய அளவுல எடுத்தா ஒடம்பு தாங்காதுங்க. ஜெயில்ல இருந்து, சென்டர்ல இருந்து வெளிய வர்றவன்தான் கூடுதலாச் சாகுறான். அதோட நித்திரைக் குளிசையோ சாராயமோ சேர்ந்தா இன்னும் மோசம். தனியா இருந்து, கதவையும் சாத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது? இந்தக் கதவுகள வெளிப்பக்கமாத் தெறக்கிற மாதிரி மாத்திடலாங்க. தாழ்ப்பாளுக்குப் பதிலா, அவசரம்னா வெளியில இருந்தே திருப்புற பூட்டு போடலாம்."

தியாகராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப, எடுக்கிறவனுக்கு நான் வசதி செய்து குடுக்கட்டோ? இது லொட்ஜோ, தூள் மடமோ?"

"எடுக்கச் சொல்லலீங்க. எடுக்கிறவன் எப்படியும் எடுப்பான். செத்துப் போயிட்டா, பெறகு எப்பங்க விடுறது?"

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுபோதினிதான், "நாளைக்கே கதவுகளை மாத்து, இராமர். இவர் காசு தருவார்" என்றாள்.

கதவு மாற்றுகிற நாட்களில் இராமர் இன்னும் சில விஷயங்கள் சொன்னான். ஆளுக்கு அளவு மீறிவிட்டால் குறட்டை விடுவது போலிருக்குமாம். நன்றாகத் தூங்குகிறான் என்று வீட்டுக்காரர் போர்த்திவிட்டுப் போவார்களாம். விடிந்து பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்குமாம். "அது தூக்கம் இல்லீங்க. மூச்சு தொண்டையில சிக்கி இழுக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்புல விரல் முட்டிய வச்சு அழுத்தித் தேய்ங்க. எழும்பலையா, ஒதடு நீலம் பூத்திருக்கா, உடனே 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ கூப்பிடுங்க. மூச்சு ஒழுங்கா இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தண்ணி ஊத்தக் கூடாது. தலையில எலுமிச்சங்கா தேய்க்கக் கூடாது. வாய்க்குள்ள ஒன்னும் குடுக்கக் கூடாது."

"மூச்சு இல்லாட்டில்?" என்று சுபோதினி கேட்டாள்.

இராமர் ஒரு தலையணையை எடுத்துத் தரையில் கிடத்தினான். தலையை நிமிர்த்தி, நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிக் காட்டினான். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்கவேண்டுமாம். ஐந்து எண்ணுகிற நேரத்துக்கு ஒருமுறை, அம்புலன்ஸ் வரும்வரை விடாமல் ஊதவேண்டுமாம்.

"சிவசிவா!" என்று தியாகராசா எழும்பி வெளியே போய்விட்டார். அந்தத் தலையணை உறையை மூன்று முறை தோய்க்கச் சொன்னார். தோய்த்தபிறகும் அதை விருந்தினருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இராமரின் மனைவி ஜீவராணி கொட்டாஞ்சேனை வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அவள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு. அவன் எடுப்பதானால் வீட்டில்தான் எடுக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், அவள் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டே இடைக்கிடை கூப்பிடுவாள், அவன் பதில் சொல்லவேண்டும். அக்கம்பக்கத்தில் இதற்காக அவளை ஏசாத வாய் இல்லை. சட்டை தைக்கக் கொடுக்கப் போன தியாகராசாவும் ஒருநாள் பொறுக்க முடியாமல், "பிள்ளை, நீயே காவல் இருந்து பழக்கி விடுறியோ?" என்று கேட்டுவிட்டார்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "அவரு விட்டாருன்னா தெருவுக்கே பாயாசம் காய்ச்சி ஊத்துவேங்க. இன்னும் விடலையே. அது வரைக்கும் உசுரோட இருக்கட்டும்."

தியாகராசா அவளை ஒரு விவரமில்லாத பெண் என்றே முடிவு செய்துகொண்டு திரும்பினார். சில விஷயங்களில் அவருடைய மூளை, அவர் லொட்ஜ் பைப்புகளைப் போல, எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு இராமர் பிடிபட்டான். நீதிமன்றம் அவனைப் புனர்வாழ்வுக்கு அனுப்பியது. சில மாதங்கள் லொட்ஜின் பைப்புகள் அநாதையாக ஒழுகின. தியாகராசா வேறு யாரையும் கூப்பிடவில்லை. கேட்டால், "அவனுக்குத்தான் இடம் தெரியும்" என்பார். இடம் தெரியாதவன் என்று அவனை வருடக்கணக்காகத் திட்டியவரும் அவர்தான்.

வெளியே வந்த இராமர் நேரே லொட்ஜுக்கு வந்தான். கன்னம் பூரித்து, கண் தெளிந்து, வேறொரு ஆள் போல நின்றான். தியாகராசாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை வாழையிலை போட்டு, வடை பாயாசத்தோடு அவனுக்கும் ஜீவராணிக்கும் சாப்பாடு கொடுத்தார். சாப்பாடு முடிந்ததும் இருவரையும் சாமிப்படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். தட்டத்தில் கற்பூரம் கொளுத்தினார்.

"இதில அடிச்சுச் சத்தியம் பண்ணு, இராமர். இனிமேல் தொடமாட்டன் எண்டு."

இராமரின் முகம் மாறியது. "ஐயா, சத்தியம் மட்டும் கேக்காதீங்க. முயற்சி பண்ணுறேன். சத்தியம் வேணாம்."

"ஏன், மனசில இன்னும் நினைப்புக் கிடக்கோ?"

"நெனப்பு யாருக்கு இல்லீங்க? சத்தியம் பண்ணிட்டுத் தவறினா ஒளிச்சுத்தான் செய்வேன். ஒளிச்சுச் செய்றதுதாங்க பயம்."

"இஞ்சேருங்கோ, விடுங்கோவன்" என்றாள் சுபோதினி.

"நீர் சும்மா இரும். உறுதியான மனுசனுக்குச் சத்தியத்தில என்ன பயம்?"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தன்னைக் கூப்பிட்டு இலை போட்ட மனிதரின் ஆசையைத் தட்ட இராமரால் முடியவில்லை. சுவாலையின் மேல் கையை அடித்துச் சத்தியம் செய்தான். தியாகராசா கண் கலங்கி அவன் நெற்றியில் திருநீறு பூசினார். விரல் அவன் தோலில் பட்டது. அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

ஜீவராணி மட்டும் கும்பிடாமல் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் பைப் இறக்கும்போது இராமரின் இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேதனையோடு நின்றவனுக்குப் பழைய கூட்டாளி ஒருவன் ஒரு சின்னப் பொட்டலமும் சில குளிசைகளும் கொடுத்தான். முன்பென்றால் இராமர் அதைக் கொண்டுபோய் ஜீவராணிக்குக் காட்டியிருப்பான். திட்டுவாள், அழுவாள், பிறகு பக்கத்து அறையில் மெஷினை ஓட்டிக்கொண்டு காவல் இருப்பாள். இப்போது எந்த முகத்தோடு காட்டுவது? கற்பூரத்தில் அடித்த கை அல்லவா? சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வழக்கம்போலத் தாங்கி பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தான்.

மத்தியானம். சாப்பிட்டு முடித்து, பின்பக்கக் குளியலறையின் குழாயைத் திருத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். தியாகராசா கதிரையில் பத்திரிகையோடு சாய்ந்திருந்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

"பாவம், இடுப்பு நோவோட வேலை செய்யிறான். கொஞ்சம் கண்ணயரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினார்.

அடுத்த குறட்டை வர நேரமெடுத்தது. அது வந்தபோது தண்ணீர்க் குழாய்க்குள் காற்று இழுபடுகிற சத்தம் போலிருந்தது. பிறகு நின்றது. தியாகராசாவின் கையிலிருந்து பத்திரிகை விழுந்தது.

"இராமர்! டேய் இராமர்!"

பதில் இல்லை. மேசையிலிருந்த தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அதன் காம்பைப் பூட்டின் வெட்டுக்குள் வைத்துத் திருப்பினார். இழுத்ததும் கதவு வெளியே வந்தது. அதோடு சேர்ந்து, கதவில் சாய்ந்திருந்த இராமரும் அவர் காலடியில் விழுந்தான். உதடு நாவற்பழம் தின்றவனுடையது போலிருந்தது. பக்கத்தில் கரிபிடித்த ஈயத்தாளும், வெறும் குளிசை அட்டையும். பழைய கதவாக இருந்திருந்தால் இன்னும் தள்ளிக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் வாளியில் தண்ணீர் பிடித்தார். இன்னொருவர் தலையில் தேய்க்கக் குசினிக்குள் தேசிக்காய் தேடினார்.

"ஒருத்தரும் ஒண்டும் ஊத்தாதேங்கோ!" தியாகராசா இப்படிக் கத்தியதை அந்த ஒழுங்கை அதற்கு முன் கேட்டதில்லை. "சுபோ, 1990!"

அவள் ஏற்கனவே தொலைபேசியில் சிங்களத்தில், ஆள் மூச்சு எடுக்கவில்லை, கெதியாக வாருங்கள் என்று விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தியாகராசா இராமரின் நெஞ்செலும்பில் முட்டியை வைத்துத் தேய்த்தார். அசைவில்லை. மூக்குக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்திருந்தது. எண்ணிப் பாருங்கள், அதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே பயம். அவர் வேட்டித் தலைப்பால் அதைத் துடைத்தார். தலையணையில் பார்க்க மறுத்தது எல்லாம், பார்க்காமலே எப்படியோ மனதில் பதிந்திருந்தது. தலையை நிமிர்த்தினார். நாடியைத் தூக்கினார். மூக்கைப் பொத்தினார். குனிந்து, இராமரின் வாய்மேல் தன் வாயை வைத்து ஊதினார்.

நெஞ்சு எழும்பியது. எண்ணிக்கொண்டு மறுபடி ஊதினார். மறுபடி. இடையில் சுபோதினி, "நான் மாறட்டோ?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். அழுதுகொண்டே ஊதினார். கண்ணீரும் எச்சிலும் யாருடையது எது என்று தெரியவில்லை. அம்புலன்ஸ்காரப் பெடியன் தோளைத் தொட்டு, "ஹரி அங்கிள், ஹரி", சரி போதும் என்று சிங்களத்தில் சொல்லி விலக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இராமர் கண் திறந்தான். அந்த மருந்தின் வேகம் தூளுக்கு முன்னால் இறங்கிவிடுமாம், மறுபடியும் மூச்சு நிற்கலாமாம், அதனால் வைத்திருந்து பார்க்கவேண்டும் என்று மறித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் ஓடிவந்த ஜீவராணியின் முன்னால் தியாகராசா குற்றவாளி போல நின்றார்.

"சத்தியம் வாங்கினது நான், பிள்ளை."

"மூச்சக் குடுத்ததும் நீங்கதானே" என்றாள் அவள்.

இராமர் எழும்பி நடமாடத் தொடங்கியதும் லொட்ஜுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை.

"சத்தியத்தைக் கெடுத்துட்டேங்க ஐயா."

"அந்தச் சத்தியம் கிடக்கட்டும். கற்பூரத்தோட கரைஞ்சு போச்சு." தியாகராசா அவனுக்குப் பக்கத்தில், அதே படியில், தோள் முட்ட உட்கார்ந்தார். "கிளினிக்குக்குப் போ. விட முயற்சி பண்ணு. ஏலாமல் போச்செண்டால் ஒளிக்காதை. ஜீவராணிக்குச் சொல்லு. அவள் இல்லாட்டில் எனக்குச் சொல்லு. நான் ஏசுவன். ஆனா கதவடியில இருப்பன்."

இராமர் ஓம் என்று தலையாட்டினான். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான். சுபோதினி குசினியில் கிளாஸ் எடுக்கத் திரும்பினாள். அதற்குள் தியாகராசா மூக்குப்பேணியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார்.

இராமர் திகைத்துப்போனான். பழக்கமில்லாத கையால் அதைத் தூக்கி, அண்ணாந்து, எட்ட வைத்து ஊற்றப் பார்த்தான். தண்ணீர் மூக்கிலும் சட்டையிலும் கொட்டியது.

"வாய் வைச்சுக் குடியடா."

"ஐயா, எச்சி படுமே…"

"உன்ர எச்சில் எனக்குப் புதுசோ?" என்றார் தியாகராசா.

இராமர் பேணியின் விளிம்பில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மடக்கு மடக்கென்று குடித்தான். தியாகராசா அவனுடைய தொண்டை ஏறி இறங்குவதை, நெஞ்சு எழும்பித் தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபோதினி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"எல்லாத்தையும் குடிச்சிடாதை, இராமர்" என்றாள். "அடுத்த மிடறு எனக்கு."